சிச்சுவேஷன் இல்லாத பாட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தை ஆறேழு வருஷமாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் சுயாதீனமாகப் பாட்டு போடுகிறவன். எழுத்து, மெட்டு, கிட்டார், பதிவு, மிக்ஸிங் எல்லாம் என் அறைக்குள்ளேயே. பகலில் வேறு வேலை. இதுவரை நாலு பாட்டு வெளியாகியிருக்கிறது. ஐந்தாவது தயார்.

இது என் அப்பாவைப் பற்றியது. கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்ததும் "கதவைச் சாத்திட்டியா?" என்று கேட்பார். அம்மா "சாத்தியாச்சு" என்பார். அஞ்சு நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. சில ராத்திரி முப்பது நாற்பது தடவை. அம்மா ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. அந்தக் கேள்வியும் பதிலும்தான் பல்லவி. பாட்டில் அப்பா என்ற சொல்லோ நோய் என்ற சொல்லோ வராது. யாரோ இரண்டு பேர் இருட்டில் பேசிக்கொள்வது போல இருக்கும்.

பாட்டை மட்டும் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், பின்னால் இருக்கிற கதையைச் சொல், அதுதான் போய்ச் சேரும் என்கிறார்கள் நண்பர்கள். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கும் வீடியோ ஒன்று என் போனில் இருக்கிறது. நாற்பது வினாடி. அதில் ரீல்ஸைத் தொடங்கி அப்படியே பாட்டுக்குள் போகலாம் என்பது ஒருவரின் யோசனை. பார்த்தவர்கள் அழுதார்கள்.

போன பாட்டுக்குக் கதை சொன்னேன். பிரிந்துபோன நண்பன் ஒருவனைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை, ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "என் பக்கத்தையும் சேர்த்துப் பாடியிருக்கலாம்" என்று ஒரு வரி அனுப்பினான். அதோடு சரி. அந்தப் பாட்டைத் தினமும் கேட்டுவந்த இன்னொருவர், "என் தங்கையை நினைத்துத்தான் இத்தனை நாள் கேட்டேன், இனி முடியாது போலிருக்கிறது" என்று எழுதினார். ஆனால் நாலு பாட்டில் அதிகம் பேர் கேட்டதும் அதைத்தான்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. டெமோவை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

டெமோவை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கடிதத்தைப் படிக்காமலே. (இணைப்பு இருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுவது என் கெட்ட பழக்கம்.) ஏதோ பயத்தில் இருக்கும் வீடு என்று நினைத்தேன். வெளியே யாரோ நிற்கிறார்கள், கேட்பவருக்கு அது தெரியும், பதில் சொல்பவரும் தெரிந்தே பொய் சொல்கிறார் என்று பட்டது. கொஞ்சம் குளிராகக்கூட இருந்தது. பிறகு கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டேன். கண் கலங்கியது. மூன்றாவது தடவை, முதலில் கேட்ட பாட்டைத் தேடிக்கொண்டு கேட்டேன். அது இல்லை. வெளியே நின்றவர் போய்விட்டார். தங்கையை நினைத்துக் கேட்ட அந்த மனிதருக்கு நேர்ந்ததுதான் எனக்கும்.

அதற்காகக் கதையே சொல்லாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் காது சினிமாப் பாட்டில் பழகிய காது. அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சிச்சுவேஷன் உண்டு. இயக்குநர் இசையமைப்பாளருக்கு எதிரே உட்கார்ந்து, 'இவன் கிளம்பிப் போகிறான், அவளுக்கு இன்னும் தெரியாது' என்று சொல்வார். மெட்டு அதிலிருந்து வரும். படத்தைப் பார்க்காதவருக்குக்கூட யார் யாரிடம் எதற்காகப் பாடுகிறார்கள் என்பது பாதி தெரிந்துவிடும். சுயாதீனப் பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது தன்னந்தனியாக வாசலில் வந்து நிற்கிறது. கேட்பவர் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கத்தான் செய்வார். அதற்குப் பதிலாகத்தான் எல்லோரும் தங்கள் வாழ்க்கையை எடுத்து நீட்டுகிறார்கள். படம் இல்லாத பாட்டுக்குப் பாடியவரின் வாழ்க்கையே படம்.

தளங்களும் அதைத்தான் கேட்கின்றன. ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் தயாரிப்பவர்களின் பார்வைக்கு ஒரு பாட்டை அனுப்புவதென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிடச் சொல்கிறார்கள். பாட்டைப் பற்றி எழுதத் தரும் இடம் 500 எழுத்து. நீங்கள் நாலு தடவை நிரப்பியிருப்பீர்கள். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கணக்கே கிடையாது. 30 வினாடி ஓடினால் ஒரு தடவை. இந்தக் கணக்குகளுக்கு நடுவில் நிற்கிறவரிடம் 'நல்ல பாட்டு தானே பேசும்' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேசாது. கதை சொன்னால் ஓடும். ஓடிய பிறகு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்கே தெரியும், அனுபவித்துவிட்டீர்கள்.

ஆக, சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதைவிட, எதைச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசிக்கலாம். இதை நம் ஆட்கள் ரொம்ப காலம் முன்பே தீவிரமாக யோசித்திருக்கிறார்கள்.

புறநானூற்றில் 112-ஆம் பாட்டு உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். போன மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் குன்றை வேந்தர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்தே அடி. அதில் பாரியின் பெயர் இல்லை. பறம்பு என்ற சொல்லும் இல்லை. மூவேந்தர் முற்றுகையிட்டதைப் பாட்டுக்குள் தேடினால் கிடைக்காது. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு: பாடியவர் பாரி மகளிர், துறை கையறுநிலை, அதாவது இழப்பில் செய்வதறியாமல் புலம்புவது. தமிழில் ஒரு பாட்டின் பின்கதையை எழுதிவைத்த பழைய இடங்களில் அது ஒன்று. அதைப் பாடியவர்கள் எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பாடியவர்கள் நிலவை மட்டும்தான் சொன்னார்கள்.

இது புறம். அகத்துக்கு வந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அகப்பாட்டில் வருகிறவர்கள் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். இன்னார் என்று சுட்டினால் அது அகமாகாது. இந்த விதியை நம் உரையாசிரியர்கள் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நெடுநல்வாடை ஒரு சாட்சி. 188 அடி. பிரிவில் தவிக்கும் பெண், வாடைக்காற்று, பாசறையில் தூக்கமில்லாமல் நடக்கும் அரசன், எல்லாமே அகத்துக்குரியவை. ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்று ஓர் இடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனின் பூ. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார். ஒரு கொத்து வேம்பு போதுமாயிருந்தது. உங்கள் நண்பனுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். பெயர் சொல்லவில்லை என்கிறீர்கள், எங்கேயோ வேம்பு வைத்திருக்கிறீர்கள்.

அகப்பாட்டுக்கும் கீழே குறிப்பு உண்டு. 'பிரிவிடை ஆற்றாத தலைவி தோழிக்குச் சொல்லியது' என்கிற மாதிரி ஒரு வரி. யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்பது மட்டும். நம் சிச்சுவேஷன்தான் அது, பச்சையாக. அதைப் படித்துவிட்டுப் பாட்டுக்குப் போனால் கதவு திறக்கிறது, உள்ளே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, நாம் போய் உட்காரலாம்.

அந்தக் காலத்தில் மட்டும் ஊர்வாய் சும்மா இருந்ததா என்றால் இல்லை. அகநானூறு 147-இல் ஔவையாரின் தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறாள். வெள்ளிவீதியார் குறுந்தொகைக் கவிஞர்களில் ஒருவர். பெயர் சொல்லாமல் பாடியவரின் சொந்தக் கதையை இன்னொருவர் தன் பாட்டில் பெயரோடு போட்டுவிட்டார். கணவனைத் தேடி அலைந்தவர் வெள்ளிவீதியார் என்று இன்றுவரை நாம் பேசுவது பெரும்பாலும் அந்த வரியை நம்பித்தான். அவர் அதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு.

இதனால் எல்லாப் பாட்டையும் பெயரில்லாமல் பாட வேண்டும் என்று ஆகிவிடாது. 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியிடமிருந்து வந்தது அந்தப் பாட்டு என்று அதை எழுதிப் பாடிய கலைஞர் அறிவு சொன்னார். அதைச் சொல்லத்தான் வேண்டும். நிலம் இல்லாமல் நிலத்தில் உழைத்தவர்களின் கதையை வேறு யாரும் எழுதிவைக்கவில்லை. அது புறப்பாட்டு. அங்கே பெயரும் இடமும் இல்லாவிட்டால்தான் தப்பு. உங்களுடையது அகம். இருட்டில் இரண்டு பேர். அதை நீங்களே முடிவு செய்து எழுதியிருக்கிறீர்கள், அப்பா என்ற சொல்லைக்கூட வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். பாட்டில் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை ரீல்ஸில் முதல் மூன்று வினாடியில் போட்டு உடைப்பதற்கு எதற்கு அந்தப் பாடு?

கதை முழுக்கப் பாட்டுக்குள்ளேயே இருப்பது வேறு விஷயம். மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் ஃபில் எல்வெரம் 2017-இல் 'எ க்ரோ லுக்ட் அட் மீ' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். அவருடைய மனைவி ஷெனவீவ் காஸ்த்ரே, படக்கதைக் கலைஞர், 2016 ஜூலையில் புற்றுநோயில் இறந்தார். அவர் இறந்த அறையிலேயே, அவருடைய வாத்தியங்களை வைத்து, எல்வெரம் தனியாகப் பதிவு செய்த பாட்டுகள். முதல் பாட்டில் ஒரு பார்சல் வருகிறது. மனைவி போய் ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பிரித்தால் உள்ளே முதுகில் மாட்டும் பை. சின்ன மகள் வளர்ந்து பள்ளிக்குப் போகும் நாளில் கொடுப்பதற்காக, யாருக்கும் சொல்லாமல், தான் இருக்கமாட்டோம் என்று தெரிந்தே அவர் வரவழைத்திருக்கிறார். இதற்குக் குறிப்பு தேவையில்லை. பேட்டியில் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. கேட்கிறவர் தன் தங்கையை அதில் வைத்துக் கேட்கவும் முடியாது, அது அந்தப் பெண்ணின் சாவு மட்டும்தான். தெரிந்தே கதவைச் சாத்தியிருக்கிறார் மனுஷன். அதுவும் ஒரு வழி, ஆனால் பாட்டை எழுதும்போதே எடுக்க வேண்டிய முடிவு. எழுதி முடித்த பிறகு விளம்பரத்துக்காக எடுப்பது வேறு.

நடுவில் இன்னொன்று இருக்கிறது, அதுதான் ஆபத்து. கதை வெளியே இருக்கும், ஆனால் பாட்டைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும். போன் ஐவர் என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன் 2007-இல் தானே சில நூறு சி.டி. போட்டு வெளியிட்ட முதல் ஆல்பம் அப்படி. இசைக்குழு உடைந்து, காதல் உடைந்து, உடம்பும் கெட்டு, பனிக்காலத்தில் விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் குடிலுக்குப் போய்த் தங்கி உருவாக்கிய பாட்டுகள். நல்ல கதைதான். உண்மையும்கூட. ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் குடிலில்தான் தொடங்குகிறார்கள். குரலை அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாடியிருக்கும் அந்த வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இதோ நானும் குடிலைத்தான் எழுதினேன், பாருங்கள்.

சொல்லச் சொல்லக் கதைக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் எச்சரிப்பதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுகதை எழுதினேன், அது என் வீட்டில் நடந்த ஒரு சாவிலிருந்து வந்தது. ஒரு கூட்டத்தில் கேட்டார்கள், சொன்னேன். அடுத்த கூட்டத்திலும் சொன்னேன். எட்டாவது ஒன்பதாவது தடவை சொல்லும்போது எனக்குத் தெரிந்தது, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். 'செருப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவேன், அரங்கில் ஒரு மூச்சு கேட்கும். வீட்டுக்கு வந்து அன்று நடந்ததை யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. நடந்தது வரவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், தன் நாலு வயது மகன் 1991-இல் இறந்ததை வைத்துப் பாடிய 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டை 2004-இல் மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பின் உணர்வு இப்போது தன்னிடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். சில வருஷம் கழித்தே மறுபடி பாடினார். அவரால் நிறுத்த முடிந்தது. ரீல்ஸில் போட்டதை உங்களால் நிறுத்த முடியாது, அது நீங்கள் தூங்கும்போதும் யாரோ ஒருவரின் கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நாற்பது வினாடி வீடியோவுக்கு வருகிறேன். வேண்டாம்.

மற்றதற்கெல்லாம் யோசித்துச் சொல்கிறேன், இதற்கு யோசிக்கவில்லை. தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் இருந்த மனிதர் அவர். தெரிந்திருந்தால் சட்டை போட்டுக்கொண்டிருப்பார், தலையை வாரியிருப்பார், அல்லது போனைப் பிடுங்கி வைத்திருப்பார். பார்த்தவர்கள் அழுதார்கள் என்கிறீர்கள். அழுவார்கள். உங்கள் பாட்டு ஒரு வரி பாடாமலேயே அழுதிருப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். அந்த வீடியோவை நீங்களும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா என்றதும் இன்னொன்று. கடிதம் முழுக்க அப்பாவின் பாட்டு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி அப்பாவுடையது, சரி. பல்லவியில் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது, பதில்தான் ஒவ்வொரு தடவையும் வேறு ஸ்வரத்தில் இறங்குகிறது. முப்பது நாற்பது தடவை எழுந்திருக்காமல், சலிக்காமல் பதில் சொன்னவரின் பாட்டு அது. அவர் இருக்கிறார். வெளியிடுவதற்கு முன் அவருக்குப் போட்டுக் காட்டினீர்களா? நண்பன் அனுப்பிய அந்த ஒரு வரி உங்களை இவ்வளவு நாள் உறுத்துகிறது என்பதால்தான் கேட்கிறேன். அவர் 'இதையெல்லாமா பாடுவே' என்று சொன்னாலும் சொல்லலாம். அப்போது என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு விஷயம், எனக்கு அதில் கருத்து கிடையாது.

சரி, அந்த 500 எழுத்தில் எதை நிரப்புவது? ரிஷிகேஷ் ஹிர்வே 2014-இல் தொடங்கிய 'சாங் எக்ஸ்ப்ளோடர்' பாட்காஸ்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இல்லையென்றால் கேளுங்கள். இசைக்கலைஞர் தன் பாட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டுவார். இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது, இந்தக் குரலை ஏன் இப்படி விட்டேன் என்று. ஹிர்வே தன் கேள்விகளைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார். கடைசியில் முழுப் பாட்டும் ஓடும். அவர்களும் சொந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறார்கள், அழுகையும் உண்டு. ஆனால் அங்கே வாழ்க்கை ஒரு கம்பியைப் பற்றிய பேச்சிலோ ஒரு மைக்கைப் பற்றிய பேச்சிலோ ஒட்டிக்கொண்டு வரும். பாட்டின் அர்த்தத்தை யாரும் கையில் திணிப்பதில்லை. கேட்டு முடித்தபின் பாட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும்.

உங்களிடம் சொல்ல அப்படி நிறைய இருக்கும். கேள்வியையும் பதிலையும் நீங்கள் ஒருவரே பாடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பதில் மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடியது போல இருக்கிறது. கிட்டாரில் கீழ்க்கம்பி இறக்கிக் கட்டியதா? அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டா பதிவு செய்தீர்கள்? இதைச் சொல்லுங்கள். மேலே ஒரு வரி வேண்டுமென்றால் பழைய ஆட்கள் பாணியில் ஒன்று: 'விளக்கணைத்த பிறகு இருவர் பேசிக்கொண்டது.' அதற்கு மேல் நான் வைக்க மாட்டேன். அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால் தனியாக எழுதுங்கள், நீளமாக எழுதுங்கள், பாட்டைப் பற்றிய பேச்சே வராமல். இந்தத் தளத்தில் இடம் உண்டு.

கடைசியாக ஒரு சந்தேகம். மூன்றாவது தடவை பல்லவி வரும்போது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் தாளம் ஒரு கணம் நிற்கிறது. ஹெட்போனில் கேட்டால் அங்கே மெதுவாக ஒரு மரச் சத்தம், கதவு அசைந்தது போல. நீங்கள் வைத்ததா, பதிவு செய்யும்போது அறைக்கதவு தானாக அசைந்து விழுந்ததா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்